பட்டியலில் பெயர் இல்லை என்றால்? தற்காலிக ஓட்டு, டெண்டர் ஓட்டு, மறு எண்ணிக்கை

#1 கோவில்பட்டி_குமரன்

தேர்தல் நெருங்கினால் வாட்ஸப்பில் ஒரு ஃபார்வர்டு சுற்றும், பார்த்திருப்பீர்கள். பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் ஆதாரைக் காட்டி 49ஏ பிரிவின் கீழ் ‘சேலஞ்ச் ஓட்டு’ போடலாமாம். நம் ஓட்டை வேறு யாரோ போட்டிருந்தால் டெண்டர் ஓட்டு கேட்கலாமாம். ஒரு பூத்தில் 14 சதவீதத்துக்கு மேல் டெண்டர் ஓட்டு விழுந்தால் மறு வாக்குப்பதிவாம். இதில் எதெல்லாம் உண்மை?

இன்னொன்று. அமெரிக்கத் தேர்தல் இழுபறியானால் உடனே ‘புரொவிஷனல் பேலட்’ (தற்காலிக ஓட்டு) என்று பேசுகிறார்கள். அங்கே பெயர் இல்லாதவருக்கும் சீட்டு தருவார்களாமே? அதை யார், எப்போது எண்ணுவது? மறு எண்ணிக்கையில் உண்மையில் என்ன நடக்கிறது? அடுத்த தேர்தலில் என்னைக் கவுன்ட்டிங் ஏஜென்டாக உட்காரச் சொல்லியிருக்கிறார்கள். அதனால்தான் கேட்கிறேன். விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

#2 வாத்தியார்63

தம்பி, பிரிசைடிங் ஆபீசராகப் பல தேர்தல் பார்த்தவன் என்ற முறையில் முதல் பாதிக்கு நான் பதில் சொல்கிறேன்.

பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் நம் நாட்டில் ஓட்டு இல்லை. அவ்வளவுதான். ஆதார், பாஸ்போர்ட், ரேஷன் கார்டு எதைக் காட்டினாலும் இல்லை. 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 62ஆவது பிரிவு அதைத் தெளிவாகச் சொல்கிறது. வேட்புமனு தாக்கலின் கடைசி நாளோடு பட்டியலைப் பூட்டிவிடுவார்கள். வாக்குப்பதிவு நாளில் பூத்துக்கு வந்து சண்டை போட்டால் எங்கள் கையில் ஒன்றுமில்லை.

சேலஞ்ச் என்பது வாக்காளர் போடும் ஓட்டே அல்ல. உள்ளே உட்கார்ந்திருக்கும் போலிங் ஏஜென்ட், ‘இவர் இந்தப் பெயருக்கு உரியவர் இல்லை’ என்று ஆட்சேபம் தெரிவிப்பதுதான் சேலஞ்ச். ஒரு ஆட்சேபத்துக்கு 2 ரூபாய் கட்ட வேண்டும் (ஆமாம், இன்றைக்கும் இரண்டே ரூபாய்தான்). நாங்கள் அங்கேயே சுருக்கமாக விசாரிப்போம். ஆட்சேபம் நிற்கவில்லை என்றால் அவர் ஓட்டு போடுவார். வேண்டுமென்றே கிளப்பியது என்று தெரிந்தால் அந்த 2 ரூபாய் அரசாங்கத்துக்குப் போய்விடும்.

டெண்டர் ஓட்டு உண்மை. தேர்தல் நடத்தை விதிகள் 1961, விதி 49பி. உங்கள் பெயரில் ஏற்கனவே யாரோ ஓட்டு போட்டுவிட்டுப் போயிருந்தால், நீங்கள்தான் அந்த ஆள் என்று நான் திருப்தியடைந்த பிறகு உங்களுக்குக் காகிதச் சீட்டு தருவேன். மெஷினில் போட முடியாது. 17பி படிவத்தில் கையெழுத்து வாங்கி, அம்புக்குறி முத்திரையைக் கொடுத்து, மறைவிடத்துக்கு அனுப்பி, வாங்கித் தனி உறையில் வைத்து ஒட்டிவிடுவேன்.

14 சதவீதக் கதை சுத்தப் பொய். அப்படி ஒரு விதி எங்கேயும் இல்லை.

#3 சந்தேகப்பிராணி

அந்தத் தனி உறையை எப்போ சார் பிரிப்பீங்க? ஒரு சினிமா வந்த பிறகு ஊரே 49பி 49பி என்று குதித்தது. அதை எண்ணவே மாட்டார்களாமே?

#4 வாத்தியார்63

உண்மை. எண்ணிக்கை நாளில் அந்த உறையைத் திறக்கவே கூடாது என்று விதி இருக்கிறது. நீதிமன்றம் சொன்னால்தான் திறப்பார்கள். ஓட்டு போட வந்தவரிடம் இதை எப்படிச் சொல்வது என்று எனக்கு ஒவ்வொரு முறையும் சங்கடம். பெரும்பாலும் சொல்வதில்லை.

#5 கொலம்பஸ்_கயல்

குமரனின் இரண்டாவது கேள்விக்கு நான் வருகிறேன். ஒஹையோவில் வாக்குச்சாவடி ஊழியராக இருந்திருக்கிறேன், தற்காலிக ஓட்டு மேசையிலும் உட்கார்ந்திருக்கிறேன்.

2000இல் ஃபுளோரிடா களேபரம் நடந்ததே, 537 ஓட்டில் புஷ் ஜெயித்தது? பஞ்ச் அட்டைத் துளைகளைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்த படம்தான் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். ஆனால் பட்டியலில் பெயர் இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் ஏராளம், அது படத்தில் வரவில்லை. அதற்குப் பிறகு 2002இல் கூட்டாட்சி அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. ‘நான் பதிவு செய்த வாக்காளர்தான்’ என்று எழுத்தில் உறுதி கொடுக்கிற யாரையும் சும்மா திருப்பி அனுப்பக்கூடாது, தற்காலிகச் சீட்டு கொடுத்தே ஆக வேண்டும் என்பது அதில் முக்கியமான அம்சம். தன் ஓட்டு எண்ணப்பட்டதா, இல்லையென்றால் ஏன் என்று காசு செலவில்லாமல் தெரிந்துகொள்ளவும் வழி வைக்க வேண்டும். போனில் கேட்கலாம், அல்லது இணையதளத்தில் பார்க்கலாம்.

பெயர் இல்லாதவர் மட்டுமல்ல, வேறு பலரும் எங்கள் மேசைக்கு வருவார்கள். வீடு மாறியவர், அடையாள அட்டையை மறந்தவர், தபால் சீட்டு கேட்டுவிட்டு நேரில் வந்து நிற்பவர். நீதிமன்றம் வாக்குப்பதிவு நேரத்தை நீட்டித்தால், அந்தக் கூடுதல் நேரத்தில் வரும் எல்லாருக்குமே தற்காலிகச் சீட்டுதான், அதையும் தனியாகப் பிரித்து வைக்க வேண்டும். ஏனென்றால் மேல் நீதிமன்றம் அந்த நீட்டிப்பையே ரத்து செய்யலாம்.

சீட்டு உறைக்குள் போகும். உறையின் மேல் பெயர், முகவரி, பிறந்த தேதி, அடையாள விவரம், கையெழுத்து. தேர்தல் இரவில் டிவியில் ஓடும் எண்ணில் இது எதுவும் சேராது. அடையாள அட்டை கொண்டுவராதவர் ஒஹையோவில் நான்கு நாளுக்குள் அலுவலகம் போய்க் காட்ட வேண்டும். முன்பு ஏழு நாள் இருந்தது, 2023இலிருந்து குறைத்துவிட்டார்கள். பிறகு மாவட்டத் தேர்தல் குழு ஒவ்வொரு உறையாகப் பார்க்கும். பதிவு இருக்கிறதா, வேறெங்கும் ஓட்டு போட்டிருக்கிறாரா, கையெழுத்து இருக்கிறதா. அந்தக் குழுவில் இரண்டு ஜனநாயகக் கட்சியினர், இரண்டு குடியரசுக் கட்சியினர். சரி என்றால் உறையைப் பிரித்து, சீட்டை வெளியே எடுத்து, மற்ற சீட்டுகளோடு கலப்பார்கள். இல்லையென்றால் உறை பிரிக்கப்படாமலே இருக்கும்.

ஆக, உள்ளே யாருக்கு ஓட்டு என்று தெரியாத நிலையிலேயே தகுதியை முடிவு செய்கிறார்கள். இந்த ஏற்பாட்டில் எனக்குப் பிடித்த விஷயம் இதுதான்.

#6 சந்தேகப்பிராணி

கேட்க நன்றாக இருக்கிறது. யார் வேண்டுமானாலும் வந்து கையெழுத்து போட்டுச் சீட்டு வாங்கலாம் என்றால் கள்ள ஓட்டுக்கு வசதிதானே? அதுவும் எண்ணிக்கை முடிந்த பிறகு, ‘எத்தனை குறைகிறது’ என்று தெரிந்துகொண்டு உறையைப் பிரிப்பது.

#7 கொலம்பஸ்_கயல்

முதல் கேள்விக்கு: சீட்டு வாங்குவது சுலபம், ஓட்டு ஆவது கஷ்டம். 2004 அதிபர் தேர்தலில் ஒஹையோவில் சுமார் 1,58,000 தற்காலிக ஓட்டுகள். புஷ்ஷை எதிர்த்து நின்ற ஜனநாயகக் கட்சியின் கெர்ரி தோல்வியை ஒப்புக்கொள்ள மறுநாள் வரை காத்திருந்தது அதற்காகத்தான். புஷ்ஷின் முன்னிலை 1,36,000 அளவில் இருந்தது. தற்காலிக ஓட்டுகளில் எத்தனை தேறும், அதில் நமக்கு எத்தனை வரும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தார்கள், எட்டாது என்று தெரிந்ததும் போன் போட்டுவிட்டார். கடைசியில் சுமார் 78 சதவீதம்தான் எண்ணப்பட்டது.

இரண்டாவது கேள்வி சரியான கேள்வி. இடைவெளி எவ்வளவு என்று தெரிந்த பிறகு தகுதியைப் பற்றிச் சண்டை போடும்போது இரு தரப்புக்குமே கொள்கை மாறிவிடும். பின்தங்கியவர் ‘எல்லா ஓட்டையும் எண்ணு’ என்பார், முன்னிலையில் இருப்பவர் ‘விதியைக் கடைப்பிடி’ என்பார். அடுத்த தேர்தலில் இடம் மாறினால் வசனமும் மாறும்.

எங்கள் மாநிலத்திலேயே ஒரு உதாரணம். 2010இல் ஹாமில்டன் கவுன்டியில் (கவுன்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி, சின்சினாட்டி நகரம் இங்கேதான்) சிறார் நீதிமன்ற நீதிபதிப் பதவிக்குத் தேர்தல். ஜான் வில்லியம்ஸ் 23 ஓட்டில் முந்தினார். டிரேசி ஹன்டர் வழக்குப் போட்டார். காரணம் என்ன தெரியுமா? ஒரே கட்டடத்தில் பல வார்டுகளின் மேசைகள். சரியான கட்டடத்துக்கு வந்தவர்களை ஊழியர்களே தவறான மேசைக்கு அனுப்பியிருக்கிறார்கள். கதவு எண்ணை ஒற்றைப்படை, இரட்டைப்படை என்று பிரிப்பதில் ஊழியர் குழம்பியதற்குச் சாட்சியமே வந்தது! அந்தச் சீட்டுகளெல்லாம் ‘தவறான வார்டு’ என்று நிராகரிப்பு. ஆனால் தேர்தல் அலுவலகத்திலேயே ஊழியர் தவறால் மாறிப்போன சில சீட்டுகளை மட்டும் அதே குழு எண்ணியிருந்தது. ஒருவருக்கு ஒரு நியாயம், இன்னொருவருக்கு வேறா என்று கூட்டாட்சி நீதிமன்றம் கேட்டது. 2012இல்தான் அவை எண்ணப்பட்டன. ஹன்டர் ஜெயித்து, அதன் பிறகே பதவியேற்றார்.

கவனியுங்கள், இதில் யாரும் தப்பாக எண்ணவில்லை. எந்தச் சீட்டு குவியலுக்குள் வரலாம் என்பதுதான் முழுச் சண்டையும். நெருக்கமான தேர்தல் எல்லாவற்றிலும் இதையே பார்க்கிறேன்.

#8 மதுரை_வக்கீல்

கயல் சொல்வதோடு முழுக்க ஒத்துப்போகிறேன். நம் ஊரில் ‘ரீகவுன்டிங்’ என்ற ஒரே சொல்லில் இரண்டு தனி விஷயங்களைப் போட்டுக் குழப்புகிறார்கள். ஏற்றுக்கொண்ட ஓட்டுகளை மறுபடி கூட்டுவது ஒன்று. ஏற்காமல் தள்ளியதை ஏற்கலாமா என்று மறுபடி பார்ப்பது இன்னொன்று. முதலாவதில் பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காது. இரண்டாவதில்தான் ஆட்சியே மாறும்.

#9 கோவில்பட்டி_குமரன்

அக்கா, மறு எண்ணிக்கையில் முடிவே தலைகீழாக மாறிய உதாரணம் இருக்கிறதா? நிறைய நடக்குமா?

#10 கொலம்பஸ்_கயல்

மிக அபூர்வம். 2000 முதல் 2023 வரை மாநிலம் முழுவதுமான மறு எண்ணிக்கைகள் முப்பதுக்கு மேல் நடந்தன. முடிவு மாறியது மூன்றில் மட்டும்: 2004 வாஷிங்டன் ஆளுநர், 2006 வெர்மான்ட் மாநிலத் தணிக்கையாளர், 2008 மினசோட்டா செனட். மற்றவற்றில் எண் அசையும், ஆள் மாறமாட்டார். 2022இல் அரிசோனா அட்டர்னி ஜெனரல் தேர்தலில் 511 என்றிருந்த வித்தியாசம் ஒரு கவுன்டியின் எண்ணிக்கைக் குளறுபடி வெளிப்பட்டு 280 ஆனது, கிரிஸ் மேயஸ்தான் ஜெயித்தார்.

வாஷிங்டன் கதையைக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், அதில் எல்லாமே இருக்கிறது.

சுமார் 28 லட்சம் ஓட்டு. முதல் எண்ணிக்கையில் குடியரசுக் கட்சியின் டினோ ராஸ்ஸி 261இல் முன்னிலை. சட்டப்படி தானாக நடந்த மெஷின் மறு எண்ணிக்கையில் அது 42 ஆகச் சுருங்கியது. கையால் எண்ண வேண்டுமென்றால் கேட்பவர் முன்பணம் கட்ட வேண்டும். கிறிஸ்டின் கிரெகோயரின் ஜனநாயகக் கட்சி சுமார் 7,30,000 டாலர் கட்டியது. முடிவு மாறினால் பணம் திரும்ப வரும்.

கை எண்ணிக்கை நடந்துகொண்டிருக்கும்போது கிங் கவுன்டி (சியாட்டில் நகரம் இருக்கும் மாவட்டம்) மன்றத் தலைவர் லாரி ஃபிலிப்ஸ் நிராகரிக்கப்பட்ட தபால் ஓட்டுப் பட்டியலைப் புரட்டுகிறார். அதில் அவருடைய பெயரே இருக்கிறது! கம்ப்யூட்டரில் அவருடைய கையெழுத்து ஏற்றப்படவில்லை, ஒப்பிட ஒன்றுமில்லை, ஆகவே தள்ளிவிட்டார்கள். தோண்டினால் அதே மாதிரி ஐந்நூறுக்கும் மேல். பிறகு அது எழுநூறைத் தாண்டியது. ராஸ்ஸி தரப்பு, முதலில் நிராகரித்ததை மறு எண்ணிக்கையில் சேர்க்க முடியாது என்று வாதாடியது. மாநில உச்ச நீதிமன்றம் சேர்க்கலாம் என்றது. கடைசியில் கிரெகோயர் 129 ஓட்டில் ஜெயித்ததாக டிசம்பர் 30ஆம் தேதி அறிவித்தார்கள்.

தற்காலிக ஓட்டு இதில் எங்கே வருகிறது? இரண்டு இடத்தில். நவம்பரிலேயே, கையெழுத்துச் சிக்கலில் மாட்டிய தற்காலிக வாக்காளர்களின் பெயர்ப்பட்டியலை ஜனநாயகக் கட்சி நீதிமன்றம் போய் வாங்கியது. தொண்டர்கள் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினார்கள். எந்தக் கட்சிக்கு ஆள்பலம் இருக்கிறதோ அதன் ஓட்டு தேறும் என்ற நிலை.

இரண்டாவது இன்னும் மோசம். கிங் கவுன்டியில் 348 தற்காலிகச் சீட்டுகளை உறையில் போடாமல், தகுதி பார்க்காமல், நேராக எண்ணும் மெஷினிலேயே விட்டுவிட்டார்கள். பாலில் தண்ணீர் கலந்தாயிற்று, இனி எப்படிப் பிரிப்பது? பிற்பாடு பெயர்களைச் சரிபார்த்ததில் பெரும்பாலானவர்கள் உண்மையான வாக்காளர்கள் என்று தெரிந்தது. ஆனால் மீதிப் பேரின் சீட்டு எது, யாருக்கு விழுந்தது என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

#11 சந்தேகப்பிராணி

அப்போ அந்தத் தேர்தலை ரத்து செய்திருக்க வேண்டாமா? வித்தியாசம் 129, தகுதி பார்க்காமல் உள்ளே போனது 348.

#12 மதுரை_வக்கீல்

ராஸ்ஸி தரப்பும் அதையேதான் கேட்டது. 2005 ஜூனில் நீதிபதி ஜான் பிரிட்ஜஸ் மனுவைத் தள்ளுபடி செய்தார். குற்றவாளிகளின் ஓட்டு, இறந்தவர் பெயரில் விழுந்தது, தகுதி பார்க்காத தற்காலிக ஓட்டு என்று 1,678 சட்டவிரோத ஓட்டுகள் விழுந்தன என்பதை அவரே ஏற்றுக்கொண்டார். ஆனால் அவை யாருக்கு விழுந்தன? ‘இந்த வார்டில் கிரெகோயருக்கு 60 சதவீதம், ஆகவே சட்டவிரோத ஓட்டிலும் 60 சதவீதத்தை அவர் கணக்கில் கழியுங்கள்’ என்பது ராஸ்ஸி தரப்பின் விகிதாச்சார வாதம். நீதிபதி ஏற்கவில்லை. ஒரு வார்டில் எல்லாரும் எப்படிப் போட்டார்களோ அதே விகிதத்தில்தான் தகுதியில்லாதவரும் போட்டிருப்பார் என்று எப்படி ஊகிப்பது? தாங்களே நீதிமன்றத்தில் யாருக்குப் போட்டோம் என்று சொன்ன தண்டனைக் கைதிகளின் நான்கு ஓட்டு மட்டும் ராஸ்ஸியின் கணக்கில் கழிக்கப்பட்டது. வித்தியாசம் 133 ஆகக் கூடியது. வழக்குப் போட்டவருக்கே நான்கு நஷ்டம்.

நம் சட்டத்தின் 100ஆவது பிரிவும் ஏறக்குறைய இதே இடத்தில்தான் நிற்கிறது. தகுதியற்ற ஓட்டு சேர்ந்தது என்று நிரூபித்தால் போதாது, அதனால் முடிவு பாதிக்கப்பட்டது என்றும் நிரூபிக்க வேண்டும். மும்பை வடமேற்கு நினைவிருக்கிறதா? 2024 மக்களவைத் தேர்தல், ரவீந்திர வாய்க்கர் 48 ஓட்டில் வெற்றி. தோற்ற அமோல் கீர்த்திகரின் மனு அதே ஆண்டு டிசம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் தள்ளுபடி ஆனது.

#13 வள்ளியூர்_பாண்டி

எல்லாரும் சியாட்டில், சின்சினாட்டின்னு போறீங்க. எங்க ராதாபுரத்த மறந்துட்டீங்களே அண்ணாச்சி.

2016 சட்டமன்றத் தேர்தல். அதிமுக இன்பதுரை 69,590. திமுக அப்பாவு 69,541. நாப்பத்தொம்பது ஓட்டு. ஊர்ல ஒரு தெருவுக்கே அத விட ஜாஸ்தி ஓட்டு இருக்கும்.

சண்ட எதுல? மெஷின்ல இல்ல, தபால் ஓட்டுல. 203 தபால் ஓட்ட செல்லாதுன்னு தள்ளிட்டாவ. காரணம், உறுதிமொழிப் படிவத்துல சான்றொப்பம் போட்டது நடுநிலைப்பள்ளி ஹெட்மாஸ்டர், அவரு கெசட்டட் ஆபீசர் இல்லைன்னு. ஓட்டு போட்டவரு யாருன்னு சந்தேகமில்ல, யாருக்குப் போட்டாருன்னும் சந்தேகமில்ல, பக்கத்துல கையெழுத்து போட்டவருக்கு பச்ச இங்க் இருக்கான்னு சந்தேகம்! தபால் ஓட்டு போடுறவங்கள்ல பாதிப் பேரு வாத்தியாரு. அவங்களுக்கு கைக்கெட்டுன ஆபீசரு ஹெட்மாஸ்டருதானல்லா?

அப்பாவு கோர்ட்டுக்குப் போனாரு. 2019 அக்டோபர் 1ஆம் தேதி ஐகோர்ட்டு, அந்த தபால் ஓட்டையும் 19, 20, 21ஆவது சுத்தையும் மறுபடி எண்ணச் சொல்லிச்சு. அக்டோபர் 4, ஐகோர்ட்டு வளாகத்துலயே எண்ணுனாவ. ஊரே டீக்கடையில டிவி முன்னால. எண்ணி முடிச்சாச்சு, ஆனா முடிவ வெளியிடக்கூடாதுன்னு சுப்ரீம் கோர்ட்டு தட உத்தரவு. அந்தத் தட அப்படியே நீண்டுக்கிட்டே போச்சு, சட்டமன்றத்தோட காலமும் முடிஞ்சுபோச்சு. 2021ல அப்பாவு அதே தொகுதியில நின்னு ஜெயிச்சு சபாநாயகர் ஆயிட்டாரு.

நாங்க ஓட்டு போட்டு, அதுக்கு ரீகவுன்டிங்கும் பாத்து, அஞ்சு வருசமா அசல் எம்.எல்.ஏ. யாருன்னு சட்டபூர்வமா தெரியாம இருந்த தொகுதி எங்க தொகுதி.

#14 மதுரை_வக்கீல்

பாண்டி சொன்னதில் சட்டரீதியாக வேதனையான இடம் இது: தேர்தல் மனுவை 45 நாளுக்குள் போட வேண்டும், உயர் நீதிமன்றம் ஆறு மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. மனு போடுபவருக்குக் கெடு கறாரானது. முடிப்பவருக்கோ ‘முயல வேண்டும்’ மட்டும்தான்.

தபால் ஓட்டு விஷயத்தில் தேர்தல் ஆணையம் இப்போது ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறது. செல்லாது என்று தள்ளிய தபால் ஓட்டுகளின் எண்ணிக்கையைவிட வெற்றி வித்தியாசம் குறைவாக இருந்தால், யாரும் கேட்காவிட்டாலும், முடிவை அறிவிக்கும் முன் ரிட்டர்னிங் ஆபீசர் (தொகுதியின் தேர்தல் அதிகாரி, சுருக்கமாக ஆர்.ஓ.) அத்தனையையும் மறுபடி சரிபார்த்தே ஆக வேண்டும். மும்பை வடமேற்கில் 111 தபால் ஓட்டுகளை அப்படிப் பார்த்தார்கள். கர்நாடகத்தில் ஜெயநகர், 2023: நள்ளிரவு வரை இழுத்து, பாஜகவின் ராமமூர்த்தி 16 ஓட்டில் ஜெயித்ததும் தபால் ஓட்டுச் சர்ச்சையில்தான்.

வாத்தியார் ஐயாவின் டெண்டர் உறைக்கும் ஒரு வழக்கு இருக்கிறது. ராஜஸ்தான் நாத்துவாரா, 2008. காங்கிரஸ் மாநிலத் தலைவர் சி.பி. ஜோஷி 62,215, பாஜகவின் கல்யாண் சிங் சவுகான் 62,216. ஒரே ஒரு ஓட்டு. அந்த அளவுக்கு வந்துவிட்டால் டெண்டர் உறைதான் புதையல். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2011இல் உச்ச நீதிமன்றம், மனுவில் சொல்லாத டெண்டர் ஓட்டுகளுக்குள் நீதிமன்றம் போக முடியாது என்றது. இப்படிப்பட்ட வழக்கில் ஒவ்வொரு டெண்டர் ஓட்டுக்கும் சாட்சியம் வேண்டும். இன்னார்தான் உண்மையான வாக்காளர், முதலில் போட்டவர் போலி என்று நிரூபணமானால், போலியின் ஓட்டை நீக்கிவிட்டு டெண்டர் ஓட்டைச் சேர்ப்பார்கள். கேட்க எளிதாக இருக்கிறது. மெஷினில் விழுந்த ஒரு ஓட்டைத் தேடி எடுப்பது நடைமுறையில் எவ்வளவு கஷ்டம் என்று யோசியுங்கள்.

#15 கொலம்பஸ்_கயல்

இதைப் படித்த பிறகு எனக்குத் தோன்றுவது: இரண்டுமே உறையில் போகும் ஓட்டுதான். ஆனால் எங்கள் உறையைத் தேர்தல் அதிகாரியே சில நாளில் பார்த்து முடிவு சொல்லியாக வேண்டும். உங்கள் உறை யாராவது வழக்குப் போட்டால் ஒழியப் பிரியாது. பெயர் விட்டுப்போனவருக்கு உங்கள் ஊரில் அந்த உறைகூட இல்லை. பட்டியல் திருத்தத்தில் பெயர் போனவர் அன்றைக்குத் திரும்பிப் போக வேண்டியதுதான். எனக்கு அது நியாயமாகப் படவில்லை.

#16 வாத்தியார்63

அம்மா, நீங்கள் சொல்வது சரிதான். ஆனாலும் ஒரு தயக்கம். ஒரு பூத்தில் ஆயிரத்துக்கு மேல் வாக்காளர்கள், நாங்கள் நான்கைந்து பேர். பெயர் இல்லாத ஐம்பது பேருக்கு உறை கொடுத்தால் அதைத் தொகுதி முழுவதும் யார், எத்தனை நாளில் சரிபார்ப்பது? முடிவு வராமல் ஒரு வாரம் இழுத்தால் நம் ஊரில் வதந்தி என்ன பாடு படுத்தும்? வராதவர், இடம் மாறியவர், இறந்தவர் பட்டியல் ஒன்று எங்கள் கையில் கொடுப்பார்கள். அதில் ‘இறந்தவர்’ என்று குறித்திருந்த ஒருவர் நேரில் வந்து, நான்தான் என்று நின்றார். பெயர் பட்டியலில் இருந்ததால் விசாரித்து ஓட்டு போட விட்டேன். பெயரையே நீக்கியிருந்தால் என்னால் ஒன்றும் செய்திருக்க முடியாது.

#17 கொலம்பஸ்_கயல்

அமெரிக்காவிலும் எல்லா மாநிலத்திலும் உறை இல்லை ஐயா. மினசோட்டாவில் தற்காலிக ஓட்டே கிடையாது. தேவையில்லை, ஏனென்றால் அங்கே வாக்குப்பதிவு நாளன்றே பூத்தில் பதிவு செய்துகொள்ளலாம். பெயர் இல்லையா, ஆதாரத்தைக் காட்டு, சேர்த்துக்கொள், போடு.

அதே மினசோட்டாவில்தான் 2008 செனட் தேர்தல் எட்டு மாதம் இழுத்தது என்பது வேறு. சுமார் 29 லட்சம் ஓட்டு. குடியரசுக் கட்சியின் நார்ம் கோல்மன், ஜனநாயகக் கட்சியின் ஆல் ஃபிராங்கனைவிட 215 முன்னிலை. அத்தனை சீட்டையும் கையால் எண்ணினார்கள், இரு தரப்பும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட சீட்டுகளை ஆட்சேபித்தன. ஐந்து பேர் குழு, அதில் நான்கு பேர் நீதிபதிகள், பகிரங்கமாக உட்கார்ந்து ஒவ்வொரு சீட்டாகத் தூக்கிப் பார்த்து வாக்காளரின் எண்ணம் என்ன என்று முடிவு செய்தது. ஒரு புண்ணியவான் ஃபிராங்கனுக்கு வட்டத்தை நிரப்பிவிட்டு, கீழே வேறு பெயர் எழுதும் காலியிடத்தில் ‘பல்லி மனிதர்கள்’ என்று எழுதி அதற்கும் நிரப்பியிருந்தார். இரண்டு பேருக்குப் போட்டதாகக் கணக்கு, செல்லாது. இன்னொரு பூத்தில் 133 சீட்டு காணவே இல்லை. தேர்தல் இரவு மெஷின் காட்டிய எண்ணை வைத்துக்கொண்டார்கள்.

ஆனால் தீர்மானித்தது என்னவோ மறுபடி உறைகள்தான். தவறாக நிராகரித்த தபால் ஓட்டு உறைகளில் 933ஐ ஜனவரி 3ஆம் தேதி பிரித்தார்கள். ஃபிராங்கன் 225 முன்னிலை. கோல்மன் வழக்கு, ஏப்ரலில் இன்னும் 351 உறை பிரிப்பு, வித்தியாசம் 312. 2009 ஜூலையில்தான் ஃபிராங்கன் பதவியேற்றார். அதுவரை அந்த மாநிலத்துக்கு ஒரே ஒரு செனட்டர்.

#18 சந்தேகப்பிராணி

சமமாக வந்தால்?

#19 மதுரை_வக்கீல்

இங்கே 65ஆவது பிரிவு: ரிட்டர்னிங் ஆபீசர் அங்கேயே குலுக்கல் போடுவார், பெயர் வந்தவருக்கு ஒரு ஓட்டு கூடுதலாகக் கிடைத்ததாகக் கொள்வார்கள். அமெரிக்காவிலும் குலுக்கல் உண்டு. வர்ஜீனியா மாநிலச் சபை, 94ஆவது தொகுதி, 2017: குடியரசுக் கட்சியின் டேவிட் யான்சி 10 முன்னிலை, மறு எண்ணிக்கையில் ஜனநாயகக் கட்சியின் ஷெல்லி சைமண்ட்ஸ் 1 முன்னிலை. மறுநாள் நீதிபதிகள் முன் ஒரே ஒரு சீட்டு. இரண்டு வட்டமும் நிரப்பி, ஒன்றின் மேல் கோடு போட்டது. அது யான்சிக்கு என்று முடிவானது. தலா 11,608. 2018 ஜனவரி 4ஆம் தேதி பீங்கான் கிண்ணத்தில் இரண்டு ஃபிலிம் டப்பா போட்டு எடுத்தார்கள், யான்சி. அந்த ஒரு கிண்ணத்தில் சபையின் பெரும்பான்மையும் இருந்தது, குடியரசுக் கட்சி 51-49.

#20 கோவில்பட்டி_குமரன்

எல்லாருக்கும் நன்றி. இப்போது என் வேலைக்கு வருகிறேன். ஹாலில் ரீகவுன்டிங் கேட்க வேண்டியிருந்தால் நடைமுறை என்ன? நான் கேட்கலாமா, வேட்பாளர்தான் கேட்க வேண்டுமா?

#21 மதுரை_வக்கீல்

விதி 63. ஆர்.ஓ. மொத்தக் கணக்கை அறிவித்துவிட்டுச் சிறிது நேரம் நிறுத்த வேண்டும். வேட்பாளரோ, அவர் இல்லாதபோது தேர்தல் ஏஜென்டோ கவுன்ட்டிங் ஏஜென்டோ எழுத்தில் மனு கொடுக்கலாம். காரணம் இருக்க வேண்டும். ‘வித்தியாசம் குறைவு’ என்பது மட்டும் காரணமாகாது. எந்தச் சுற்று, எந்த மேசை, எந்த பூத், என்ன தவறு என்று எழுதுங்கள். முழுவதுமாகக் கேட்கலாம், ஒரு பகுதியையும் கேட்கலாம். தள்ளுபடி செய்தால் ஆர்.ஓ. காரணத்தை எழுத்தில் தர வேண்டும், அதை வாங்காமல் நகராதீர்கள். இறுதிப் படிவத்தில் அவர் கையெழுத்து போட்டுவிட்டால் கதவு மூடிவிட்டது, பிறகு உயர் நீதிமன்றம்தான்.

மெஷினை மறுபடி எண்ணுவது என்றால் ரிசல்ட் பட்டனை இன்னொரு முறை அழுத்துவதுதான், அதே எண்தான் வரும். அச்சுச்சீட்டை (ஓட்டு போட்டதும் விவிபேட் கருவி அச்சிடும் சீட்டு) எண்ண வேண்டுமென்றால் விதி 56டியின் கீழ் தனியாகக் கேளுங்கள். மெஷின் எண்ணும் சீட்டு எண்ணும் மோதினால் சீட்டுதான் நிற்கும்.

#22 வள்ளியூர்_பாண்டி

தம்பி, அதே எண்தான் வரும்னாலும் அத எழுதுறது மனுசன்லா. ஹரியானாவுல புவானா லாக்கு பஞ்சாயத்துத் தேர்தல். 2025 ஆகஸ்டுல சுப்ரீம் கோர்ட்டே மெஷின வரவழைச்சு எண்ணிச்சு, தோத்ததா அறிவிச்ச ஆளு 51 ஓட்டுல ஜெயிச்சுருந்தாரு. அதனால ஒவ்வொரு பூத்துக்கும் 17சி படிவ நகல் கையில வச்சுக்க. அதுல எத்தன ஓட்டு பதிவாச்சுன்னு இருக்கும், மெஷின் நம்பர் இருக்கும். மேசையில மெஷின வச்சதும் முதல்ல நம்பரப் பாரு, அப்புறம் மொத்தத்தப் பாரு, அதுக்கு மேலதான் யாருக்கு எவ்வளவுங்கறது. நம்மாளுக முதல்லயே மூணாவதப் பாத்துட்டு விசில் அடிக்கப் போயிருவானுவ.

தபால் ஓட்டு மேசைக்கு தூங்காத ஆளாப் போடு. சட்டம் படிச்சவனா இருந்தா இன்னும் நல்லது.

#23 கோவில்பட்டி_குமரன்

17சி நகலை பூத் ஏஜென்ட் கேட்டால்தான் தருவார்களா அண்ணாச்சி, தானாகவே தருவார்களா?

#24 வாத்தியார்63

இதற்கு நான் சொல்கிறேன். விதி 49எஸ். கேட்காமலேயே தர வேண்டியது எங்கள் கடமை, ரசீது வாங்கிக்கொண்டு தருவோம். ஆனால் வாக்குப்பதிவு முடிகிற நேரத்தில் பூத்தில் இருக்கிற ஏஜென்டுக்குத்தான். அஞ்சு மணிக்கே டீ குடிக்கப் போய் அப்படியே வீட்டுக்குப் போய்விடுகிறவர்களுக்கு நான் எங்கே போய்த் தேடிக் கொடுப்பது?